‘இலவசம்’ என்று எழுதிய கைக்கு

காப்பீட்டு அட்டையோடு தனியார் மருத்துவமனையில் சேர்ந்த ஓர் எட்டு மாதக் குழந்தையின் அனுமதிச் சீட்டில் சிவப்பு மையில் ‘இலவசம்’ என்று எழுதியிருந்த படத்தை நேற்றிலிருந்து பத்துப் பேராவது எனக்கு அனுப்பிவிட்டீர்கள். கூடவே, ‘இதற்கெல்லாமா கோபம்?’ என்ற கேள்வியும் வந்தது. ஆம், இதற்குத்தான். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் எதுவும் இலவசம் அன்று. அந்தக் குடும்பத்துக்காக அரசு பிரீமியம் கட்டுகிறது, சிகிச்சை செய்த மருத்துவமனைக்குப் பணம் போகிறது. பணம் வாங்கிக்கொண்டு செய்யும் வேலைக்குத் தருமம் என்று பெயர் வைப்பது எந்த ஊர் நியாயம்?

2016இல் அங்கன்வாடிக்கு வந்த மருத்துவக் குழுதான் என் அக்கா மகளுக்கு இதயத்தில் ஓட்டை இருப்பதைக் கண்டுபிடித்தது. ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் என்று கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று வாங்கி, ஆட்சியர் அலுவலகத்தில் குடும்பத்தோடு நின்று படம் எடுத்து, அட்டையோடு ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனோம். “கார்டா, கேஷா?” என்பதுதான் முதல் கேள்வி. ரேஷன் கார்டோடு பாலித்தீன் உறையில் வைத்திருந்த அட்டையை அக்கா நீட்டினாள். வரவேற்பில் இருந்த பெண் அதைத் தொடவே இல்லை. கார்டு கேஸுக்குப் படுக்கை இல்லை, அடுத்த மாதம் வாருங்கள் என்றார். வெளியே வந்து, அட்டையைப் பற்றிச் சொல்லாமல் அதே மருத்துவமனைக்குத் தொலைபேசினேன். நாளைக் காலை எத்தனை மணிக்கு வருகிறீர்கள் என்று கேட்டார்கள்.

அரசு நிர்ணயித்த தொகை கட்டுப்படியாகவில்லை, அதுவும் தாமதமாக வருகிறது என்கிறார் மருத்துவ நண்பர் ஒருவர். இருக்கலாம். அதைக் காப்பீட்டு நிறுவனத்திடம் பேசுங்கள், குழந்தையிடம் காட்டாதீர்கள். திட்டத்தில் சேரக் கையெழுத்திட்டபோது அந்தத் தொகை தெரியாதா? வசதியானவர்களும் அட்டை வைத்திருக்கிறார்களாம். எட்டு மாதக் குழந்தை போலி வருமானச் சான்று கொடுத்துவிட்டதாக்கும்! அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டியதுதானே என்பவர்களுக்கு: போனோம். ஐந்து மாதம் வரிசையில் காத்திருந்து, அங்கேதான் அவள் பிழைத்தாள், அந்த மருத்துவர்களை இன்றும் கும்பிடுகிறேன். ஆனால், தனியார் மருத்துவமனைக்காரர்களே, நீங்கள் திருப்பியனுப்பும் ஒவ்வொரு குழந்தையும் அந்த வரிசையின் கடைசியில்தான் போய் நிற்கிறது. இப்போது குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை காப்பீடு என்கிறார்கள். படுக்கை இல்லை என்ற ஒரு சொல்லுக்கு முன்னால் அந்த 5 லட்சத்துக்கு என்ன மதிப்பு?

அவள் இப்போது நன்றாக ஓடுகிறாள், மிதிவண்டி ஓட்டுகிறாள். அக்காதான், எந்த மருத்துவமனைக்குப் போனாலும், அந்த உறையைப் பையிலிருந்து எடுக்கும் முன் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று ஒருமுறை பார்த்துக்கொள்கிறாள்.