ஆறு மாதத்துக்கு மேல் தாய்ப்பால் வெறும் தண்ணீரா?

வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது: "ஆறு மாதம் ஆனால் தாய்ப்பாலில் சத்து இருக்காது, விலை கூடிய பால்மாவுதான் மூளைக்கு நல்லது." இரண்டுமே தவறு.

ஆறு மாதத்துக்குப் பிறகு குழந்தைக்கு இரும்புச்சத்து போன்றவை கூடுதலாகத் தேவைப்படும், அதனால் கஞ்சி, பருப்பு, முட்டை, மீன் என்று திட உணவு தொடங்க வேண்டும், இது உண்மை. ஆனால் பால் தண்ணீராகிவிட்டது என்று அர்த்தமில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 6 முதல் 12 மாதம் வரை குழந்தைக்குத் தேவையான சக்தியில் பாதியோ அதற்கு மேலோ தாய்ப்பாலிலிருந்தே கிடைக்கும், அடுத்த ஆண்டிலும் மூன்றில் ஒரு பங்கு. அப்புறம் தாயின் உடல் தயாரிக்கும் நோய் எதிர்ப்புப் புரதங்களும் அதில் வந்துகொண்டே இருக்கும், அது எந்த டின்னிலும் கிடைக்காது. 2 வயதும் அதற்கு மேலும் கொடுக்கலாம் என்றுதான் அந்த நிறுவனமே சொல்கிறது.

சரி, விலை? சிங்கப்பூரில் 2007-இல் சராசரியாகச் சுமார் 25 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) விற்ற 900 கிராம் பால்மாவு டின் 2016-இல் 56 வெள்ளி ஆனது. வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் சிங்கப்பூர்ப் போட்டித்தன்மை ஆணையம் 2017-இல் ஆராய்ந்தபோது, நிறுவனங்களின் தீவிர விளம்பரம் அதற்கு ஒரு முக்கியக் காரணம் என்று சொன்னது. இங்கே விற்கும் குழந்தைப் பால்மாவு மலிவானதாக இருந்தாலும் சத்து விதிகளுக்கு உட்பட்டதுதான்.

பால் போதாமலோ மருந்து காரணமாகவோ பால்மாவு கொடுக்கும் அம்மாக்கள் தயவுசெய்து கலங்காதீர்கள். ஆனால் டின் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்று தண்ணீரைக் கூட்டிக் கலக்காதீர்கள், அது குழந்தைக்கு உண்மையிலேயே ஆபத்து.