பட்டாளத்துச் சாமி வீட்டு டிரங்குப் பெட்டி

உசிலம்பட்டி, பேரையூர், திருமங்கலம் பக்கம் எந்த ஊருக்குப் போனாலும் ஒரு மிலிட்டரிக்காரர் வீடு இருக்கும். மனுசன் வெள்ளன எழுந்து குளித்து, நெற்றி நிறைய திருநீறு பூசி, கோயில் நடை திறக்கும் முன்பே வாசலில் நிற்பார். கோயில் கணக்கை யார் கையில் கொடுப்பது என்று ஊர் கூடிப் பேசினால் முதலில் அவர் பெயர்தான் வரும். பிள்ளைகள் படிப்பு, தங்கச்சி வீட்டுச் சீர், மச்சினன் வாங்கிய கடன் எல்லாம் அவர் தலையில். நான் சொல்லவருவது பலருக்குப் பிடிக்காது. இப்படிப்பட்ட நல்ல மனுசன் வீட்டில்தான் பென்சன் காகிதங்கள் படுமோசமாகக் கிடக்கின்றன. எல்லாவற்றையும் தானே பார்ப்பதால் வீட்டில் வேறு யாருக்கும் ஒன்றும் தெரியாது. மனைவி கேட்டால், "அதெல்லாம் உனக்கெதுக்குத்தா, நான் பாத்துக்கிறேன்ல" என்று முடித்துவிடுவார்.

இந்த பக்தி ரிட்டயர் ஆனபின் வந்ததில்லை. யூனிட்டிலேயே கோயில் உண்டு, பூஜை பார்க்க ஜே.சி.ஓ. (இளநிலை அதிகாரி) அந்தஸ்தில் மத ஆசிரியர் உண்டு, ஞாயிறானால் மந்திர் பரேடு. வருடாந்தர லீவு 60 நாளில் ஒரு பங்கை மாசி சிவராத்திரிக்கென்று ஒதுக்கி வைத்து, எந்த மூலையிலிருந்தும் ரயிலேறி குலதெய்வம் கும்பிட வந்து சேர்ந்தவர்கள் இவர்கள். பாப்பாபட்டி ஒச்சாண்டம்மன் கோயிலில் சாமி பெட்டியைத் தூக்கிவரும் பெட்டி எடுப்பைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பெட்டியைத் தொடுவதற்கே முறை இருக்கிறது, அந்த முறை பங்காளிகள் அத்தனை பேருக்கும் அத்துபடி. வீட்டில் இருக்கும் டிரங்குப் பெட்டிக்குச் சாவி எங்கே என்று மட்டும் பெண்டாட்டிக்குத் தெரியாது.

அந்தக் கறுப்புப் பெட்டியின் மூடியில் நம்பர், ரேங்க், பெயர் வெள்ளை பெயிண்டில் இருக்கும். உள்ளே மேலாக மடித்த யூனிபார்ம், மெடல் டப்பா, வைஷ்ணவி தேவி கோயில் பிரசாதப் பொட்டலம், யூனிட் குரூப் போட்டோ. இத்தனைக்கும் அடியில் பாலித்தீன் பையில் சுற்றிய டிஸ்சார்ஜ் புக், அதாவது பட்டாளத்திலிருந்து விடுவிக்கும்போது கொடுத்த பதிவுப் புத்தகம். குடும்ப விவரம் எழுதிய பக்கத்தைப் பிரித்தால்தான் வில்லங்கம் தெரியும். ஆதாரில் "பாண்டியம்மாள்" என்று இருப்பவர் இதில் "பாண்டி அம்மா". எங்கிருந்தோ வந்த கிளார்க் காதில் விழுந்ததை எழுதியிருப்பார், நம்மாளும் கையெழுத்துப் போட்டிருப்பார். இன்ஷியல் இன்னொரு சிக்கல். நமக்கு ஒற்றை எழுத்து, பட்டாளத்துக்கு அப்பா பெயர் முழுசாக வேண்டும். ஆதார், பான், பாஸ்புக், பி.பி.ஓ. (பென்சன் வழங்கும் உத்தரவு) நான்கிலும் நான்கு விதமாக இருக்கும். அவர் உயிரோடு இருக்கும்வரை இது யார் கண்ணையும் உறுத்தாது. குடும்பப் பென்சனுக்கு அந்த அம்மா விண்ணப்பிக்கும் நாளில்தான், "இவர்தான் அவர் என்பதற்கு என்ன ஆதாரம்" என்ற கேள்வி வரும்.

திருத்துவது பெரிய வித்தையில்லை, பொறுமைதான் வேண்டும். எழுத்துப் பிழை மட்டும் என்றால் ஆதார் நகலும் உறுதிமொழிப் பத்திரமும். பெயரே வேறாக இருந்தால் செய்தித்தாள் விளம்பரமும் கேட்பார்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நலன் அலுவலகம் வழியாக, அவரவர் படைப்பிரிவின் ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்டு ஆபீசுக்கு அனுப்ப வேண்டும். மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் வெலிங்டன், எம்.இ.ஜி. (மெட்ராஸ் பொறியாளர் படைப்பிரிவு) என்றால் பெங்களூரு. அங்கே பதிவானபின் பிரயாக்ராஜில் இருக்கும் பென்சன் கணக்கு அலுவலகம் திருத்திய பி.பி.ஓ. தரும். பலர் செய்யும் தப்பு, முதல் படியோடு வேலை முடிந்தது என்று நினைத்துக்கொள்வது. திருத்திய பி.பி.ஓ. கைக்கு வந்து, ஸ்பர்ஷ் என்ற இணையவழிப் பென்சன் கணக்கிலும் அதே பெயர் தெரிந்தால்தான் வேலை முடிந்தது. ரிட்டயர் ஆனபின் பிறந்த கடைக்குட்டி இருந்தால் அந்தப் பிறப்புச் சான்றையும் இதோடு அனுப்புங்கள். டிஸ்சார்ஜ் புக்கில் அந்தப் பிள்ளை பெயர் எப்படி இருக்கும்? மாற்றுத்திறனாளிப் பிள்ளை இருந்தால் இதை ஒருநாளும் தள்ளிப்போடக் கூடாது. சம்பாதிக்க முடியாத பிள்ளைக்கு ஆயுள் முழுவதும் குடும்பப் பென்சன் கிடைக்க வழி இருக்கிறது. பெற்றவர்கள் இருக்கும்போதே மருத்துவச் சான்றோடு பெயரைப் பதிந்து வைத்தால் பிற்பாடு அந்தப் பிள்ளையை யாரும் அலைக்கழிக்க முடியாது.

மனைவியின் பிறந்த தேதியும் முக்கியம். கிராமத்தில் பிறந்த பெண்களுக்கு வருடத்தை மட்டும் குத்துமதிப்பாகப் போட்டிருப்பார்கள். 80 வயது முடிந்தால் குடும்பப் பென்சனில் 20 சதவீதம் கூடும், 85-இல் 30, 90-இல் 40. தேதி பதிவாகவில்லையென்றால் அந்தக் கூடுதலை எந்த மாதத்திலிருந்து கொடுப்பது என்று கணினிக்குத் தெரியாது, சும்மா இருந்துவிடும்.

"அவர் போனா பாதிப் பென்சன் வரும்" என்று ஊரில் சொல்வது அரைகுறை. ரிட்டயர் ஆனவர் இறந்தால், கடைசிச் சம்பளத்தில் 50 சதவீதம் என்ற உயர்த்திய விகிதம் 7 வருடம், அல்லது அவர் இருந்திருந்தால் 67 வயது ஆகியிருக்கும் நாள் வரை, எது முந்துகிறதோ அதுவரைதான். பிறகு 30 சதவீதம். 55-இல் போனவர் மனைவிக்கு 7 வருடம், 64-இல் போனவர் மனைவிக்கு 3 வருடம். மகன் பெயரில் வண்டிக் கடன் எடுக்கும் வீட்டில் இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு எடுக்கட்டும். இன்னொன்று, இறப்பைத் தெரிவிக்கும் முன் அவர் கணக்கில் விழும் பென்சனை எடுத்துச் செலவழித்தால் பின்னால் பிடித்துக்கொள்வார்கள்.

நவம்பருக்கு வருவோம். கார்த்திகை 1 நவம்பர் நடுவில் வரும், மாலை போட்டுவிடுவார்கள். அதன்பின் 41 நாளும் குளியல், பஜனை, கன்னிசாமி வீட்டு பூஜை, இருமுடி வேலை. (மாலை போட்ட மாதத்திலும் கேண்டீன் கோட்டா சரக்கு வாங்கப்படுகிறது. யாருக்கு என்று கேட்கக் கூடாது.) உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டியதும் அதே நவம்பரில்தான். மாலை போடும் முன் அதை முடிப்பது நல்லது. காட்டு வேலை செய்து கைரேகை தேய்ந்தவர்களுக்கு இயந்திரம் ஏற்காது, செல்போனில் முகம் காட்டும் முறை இருக்கிறது. தபால்காரர் வீட்டுக்கே வந்தும் எடுத்துத் தருகிறார். இதில் நடக்கும் பெரிய பிழை ஒன்று. பென்சன் வழங்குபவர் யார் என்ற இடத்தில், பழைய பழக்கத்தில் வங்கியின் பெயரைத் தட்டிவிடுகிறார்கள். ஸ்பர்ஷுக்கு மாறியவர்கள் அங்கே ஸ்பர்ஷ் என்றுதான் தேர்வு செய்ய வேண்டும். தப்பாகத் தட்டினாலும் சான்று பதிவாகி நம்பர் வந்துவிடும், ஆனால் போக வேண்டிய இடத்துக்குப் போகாது. பென்சன் நின்றபிறகுதான் தெரியும்.

கோயில் திருப்பணிக்குக் கம்யூட்டேஷன் பணத்தை, அதாவது பென்சனில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்து மொத்தமாக வாங்கும் பணத்தைக் கொடுப்பது பற்றியும் ஒரு வார்த்தை. 42 வயதில் வெளியே வருபவர், அடிப்படைப் பென்சன் 25,000 ரூபாயில் பாதியை ஒப்படைத்தால் சுமார் 13 இலட்சத்து 50 ஆயிரம் மொத்தமாக வரும். ஊரே அதைப் பார்க்கும். பதிலுக்கு மாதம் 12,500 ரூபாய் 15 வருடம் பிடித்தம், அதாவது 57 வயது வரை. அகவிலைப்படி முழுப் பென்சனுக்கும் கிடைக்கும் என்பது ஆறுதல். அது அவருடைய சொந்தப் பென்சனை முன்கூட்டி வாங்கியதே தவிர இனாம் இல்லை. சாமிக்குக் கொடுங்கள், மாதப் பென்சனில் கொடுங்கள். மொத்தப் பணத்தில் கும்பாபிஷேகக் கல்வெட்டில் பெயர் ஏற்றிவிட்டு, மகள் காலேஜ் பீஸுக்கு வட்டிக்கு வாங்குவதை எந்த சாமியும் கேட்கவில்லை.

கடைசியாக இ.சி.எச்.எஸ். என்ற முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்ட அட்டை. மகன் சம்பாதிக்கத் தொடங்கினாலோ, 25 தாண்டினாலோ, கல்யாணம் முடித்தாலோ அவன் அட்டை செல்லாது, ஒப்படைத்துவிடுங்கள். கணவர் இறந்தால் மனைவி தன் பெயரில் அட்டையை மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். நெஞ்சுவலி என்று அவசரத்தில் திட்டப் பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரியில் சேர்த்தால் 48 மணி நேரத்துக்குள் அந்தத் திட்டத்தின் மருத்துவ மையமான பாலிகிளினிக்குக்குத் தகவல் போக வேண்டும். இல்லாவிட்டால் பில் பணம் கேட்கும்போது இழுபறி. போன் செய்ய வேண்டியது மனைவியோ பிள்ளையோதான். அட்டை எண், ஆஸ்பத்திரி பெயர், சேர்த்த நேரம் மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு பேசச் சொல்லுங்கள்.