கிளீன்ரூம் என்றால் கிருமியே இல்லாத அறை அல்ல

கிளீன்ரூம் என்பது காற்றில் தூசியைக் கட்டுப்படுத்தி, விண்கலங்களைக் கட்டும் தூய அறை. “நாசாவின் கிளீன்ரூமில் ஒரு பாக்டீரியாகூட உயிரோடு இருக்காது, அங்கே கட்டிய விண்கலத்தில் பூமியின் கிருமி ஒட்டவே முடியாது” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தவறு. இந்த அறைகளுக்கான ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தரம் காற்றில் மிதக்கும் துகள்களை எண்ணி வகுப்பது, கிருமிகளை அல்ல. அதில் ‘ஐஎஸ்ஓ 8’ என்ற தரத்து அறையில் ஒரு கன மீட்டர் காற்றில் அரை மைக்ரானும் அதற்கு மேலுமான துகள்கள் 35,20,000 வரை இருக்கலாம்.

டெர்சிகாக்கஸ் ஃபீனிசிஸ் என்ற பாக்டீரியாவைப் பாருங்கள். 2007இல் ஃபீனிக்ஸ் என்ற செவ்வாய் விண்கலம் தயாரான கென்னடி விண்வெளி மையத்தின் அறையில் கிடைத்தது; பிறகு சுமார் 4,000 கி.மீ. தள்ளி, தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவில் உள்ள கூரூ ஏவுதளத்தின் கிளீன்ரூமிலும் கிடைத்தது. 2013இல் அதைப் புதிய பேரினமாகவே அறிவித்தார்கள்.

காரணம் எளிது. வறட்சி, சத்தின்மை, ஓயாத துடைப்பு எல்லாம் சாதாரணக் கிருமிகளை ஒழித்துவிடுகின்றன. தாக்குப்பிடிப்பவைக்குப் போட்டியே இல்லாமல் போகிறது. விண்கல அறைகளில் எடுத்த சில அசினெட்டோபாக்டர் பாக்டீரியா வகைகள் எத்தனாலையே உணவாக்கி வளர்ந்ததை 2018இல் ஆய்வகத்தில் காட்டினார்கள். துடைக்கிற சாராயமே தீனி! எனக்கு இன்னும் வியப்பு அடங்கவில்லை.

பூஜ்ஜியம் என்று நாசாவே சொல்லவில்லை. செவ்வாயில் உயிரைத் தேடாத தரையிறங்கு கலங்களுக்கு அவர்கள் வைத்த வரம்பே ஒரு கலத்துக்கு 3,00,000 ஸ்போர்கள், அதாவது பாக்டீரியாவின் உறங்குநிலை வித்துகள்.