ஜப்பானியப் பாட்டு ஜப்பானியப் பாட்டாகவே போகட்டும்

"ஜப்பான் பாடகர்களுக்கு வெளிநாடு ராசியில்லை" என்று யாராவது எழுதினால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. 1963-லேயே கியூ சகமோட்டோ ஜப்பானிய மொழியில் பாடிய பாட்டு, அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 என்ற பாட்டுத் தரவரிசையில் மூன்று வாரம் முதலிடத்தில் நின்றது. அதற்கப்புறம் இன்றுவரை எந்த ஜப்பானிய மொழிப் பாட்டும் அங்கே அந்த இடத்தைத் தொடவில்லை. குற்றம் பாடினவர்கள்மேல் இல்லை, அவர்களை ஏற்றுமதிச் சரக்காக்கினவர்கள்மேல்.

பிங்க் லேடிக்கு என்ன நடந்தது என்று பாருங்கள். மீ, கேய் என்ற இரண்டு பாடகிகள். எழுபதுகளின் கடைசியில் ஜப்பானில் சின்னப் பிள்ளைகள்கூட அவர்களுடைய ஆட்டத்தை அப்படியே ஆடிக்காட்டும். 1980-ல் அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சி அவர்களை வைத்து ஒரு நிகழ்ச்சி ஆரம்பித்தது. ஆங்கிலம் சரியாகத் தெரியாது, வசனத்தை வெறும் சத்தமாக மனப்பாடம் பண்ணி ஒப்பித்தார்கள். அந்தத் தடுமாற்றத்தையே நகைச்சுவையாக்கினார்கள். நிகழ்ச்சி முடிவில் வெந்நீர்த் தொட்டிக்குள் வேறு இறங்கவேண்டும். ஐந்து எபிசோடோடு இழுத்து மூடினார்கள். இதில் அந்தப் பெண்களின் தோல்வி எங்கே இருக்கிறது?

மொழிதான் தடை என்பவர்களுக்கு உட்டாடா ஹிகாருவைக் காட்டுவேன். நியூயார்க்கில் பிறந்தவர். 1999-ல் வந்த அவருடைய ஆல்பம் ஜப்பானில் மட்டும் எழுபது லட்சத்துக்கு மேல் விற்றது. 2004-ல் அமெரிக்காவுக்காகவே முழு ஆங்கில ஆல்பம், டிம்பலண்ட் என்ற அமெரிக்க இசைத் தயாரிப்பாளரும் உடன் வேலை செய்தார். பில்போர்டு 200 என்ற ஆல்பம் பட்டியலில் கிடைத்தது 160-ஆம் இடம். ஆனால் அந்த 1999 ஆல்பத்தின் 'ஃபர்ஸ்ட் லவ்' என்ற ஜப்பானியக் காதல் பாட்டு, 2022-ல் அதன் பெயரிலேயே வந்த நெட்ஃப்ளிக்ஸ் தொடரால் ஆசிய நாடுகளில் மறுபடி பட்டியல் ஏறியது.

எனக்கு மனசு கனக்கிற கதை மிகி மட்சுபராவுடையது. 1979-ல் பத்தொன்பது வயதில் பாடிய முதல் பாட்டு. 2020 கடைசியில் ஸ்பாட்டிஃபையின் உலக வைரல் பட்டியலில் முதலிடம் வந்தது. டிக்டாக்கில் பிள்ளைகள் தங்கள் ஜப்பானிய அம்மாவுக்கு அதைப் போட்டுக் காட்டினார்கள். முதல் சில நொடிகளிலேயே அம்மா முகம் மலர்ந்து, கூடவே பாட ஆரம்பித்துவிடுவார். பார்க்க மட்சுபரா இல்லை, 2004-லேயே இறந்துவிட்டார். இந்தப் பாட்டை எந்தக் கம்பெனியும் உலகத்துக்கு எடுத்துப் போகவில்லை. ரசிகர்கள்தான் தேடி எடுத்தார்கள்.

கம்பெனிகள் அத்தனை காலமும் கதவைச் சாத்திவைத்திருந்தன. சிடி விற்பனை குறையக்கூடாது என்று யூடியூபில் பாதிப் பாட்டு மட்டும் போடுவார்கள். அதையும் சொடுக்கினால் 'உங்கள் நாட்டில் இந்த வீடியோ கிடைக்காது' என்று வரும். ஸ்பாட்டிஃபையே ஜப்பானுக்குள் 2016-ல்தான் நுழைந்தது.

கதவு திறந்ததும் என்ன ஆனது? 2023-ல் யோஅசோபி என்ற இருவர் குழு ஜப்பானிய மொழியிலேயே பாடி, அமெரிக்கா நீங்கலான பில்போர்டு உலகப் பட்டியலில் முதலிடம் பிடித்தார்கள். அதற்கு அனிமே (ஜப்பானியக் கார்ட்டூன்) துணை இருந்தது, சரி. பாடகர் ஃபுஜீ கசேவின் 2020 பாட்டுக்கு அதுவும் இல்லை. தாய்லாந்து ரசிகர்கள் டிக்டாக்கில் பிடித்துக்கொண்டார்கள், 2022-ல் உலகமே கேட்டது.

அதே கசே 2025-ல் 'பிரேமா' என்று முழு ஆங்கில ஆல்பம் போட்டிருக்கிறார். பாடுகிறவர் தானே ஆசைப்பட்டு எந்த மொழியில் பாடினாலும் நான் கேட்பேன். கம்பெனிகளிடம் எனக்கு ஒரே கோரிக்கைதான்: வெளிநாட்டு ரசிகர் டோக்கியோ கச்சேரிக்கு டிக்கெட் எடுக்கப் போனால், பல தளங்களில் இன்னும் ஜப்பான் மொபைல் எண் கேட்கிறார்கள். முதலில் அதை எடுங்கள்.