ஏமாந்தவரை ஏசாதீர்கள்

வங்கியிலிருந்து பேசுவதாகச் சொன்னவரிடம், போனுக்கு வந்த ரகசிய எண்ணான ஓடிபியைச் சொல்லி அக்கா பணத்தைப் பறிகொடுத்ததைப் போன வாரம் எழுதினேன். நாலு பேர் எச்சரிக்கையாக இருக்கட்டும் என்றுதான் எழுதினேன். வந்த பதில்களில் பாதி, "படித்தவர்தானே, இதுகூடவா தெரியாது?" அக்கா எல்லாவற்றையும் படித்துவிட்டார். இப்போது போன் அடித்தால் எடுப்பதில்லை, கவிழ்த்து வைத்துவிடுகிறார்.

ஏமாந்தவரை ஏசாதீர்கள். ஏச்சுக்குப் பயந்து அவர் வாய் மூடியிருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் திருடனுக்கு லாபம்.

அப்பா விஷயத்தில் இதைக் கண்ணால் பார்த்தவன் நான். ஒருநாள் காலை அவர் போனில் சிக்னல் போய்விட்டது. டவர் கோளாறு என்று நினைத்து இருந்துவிட்டார். அவருடைய அடையாள விவரங்களைக் காட்டி, அதே எண்ணுக்கு யாரோ புதிய சிம் வாங்கியிருந்தார்கள். வங்கி அனுப்பிய ஓடிபி எல்லாம் அங்கே போயிருக்கிறது. மாலையிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் எங்களிடம் சொல்ல மூன்று நாள் ஆயிற்று. ஏனப்பா என்றேன். "நீ கத்துவாய் என்று பயந்தேன்" என்றார். பாஸ்வேர்டை டைரியில் எழுதி வைத்ததற்காக முந்தைய மாதம்தான் நான் கத்தியிருந்தேன். அந்த மூன்று நாளில் பணம் கணக்குவிட்டுக் கணக்கு தாவிப் போய்விட்டது. அன்றே வங்கிக்குச் சொல்லியிருந்தால் கொஞ்சமாவது தடுத்திருக்கலாம்.

"ஓடிபியைச் சொன்னது தப்பில்லையா?" என்பீர்கள். தப்புதான், அக்காவே ஒப்புக்கொள்கிறார். ஆனால் அவருடைய திரையில் தெரிந்தது வங்கியின் எண். அந்த எண்ணையே போலியாகக் காட்ட முடியும் என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? படிப்பைப் பற்றிப் பேசுகிறீர்கள். கூகுளும் ஃபேஸ்புக்கும் 2013 முதல் 2015 வரை போலி பில்களை நம்பி 10 கோடி டாலருக்கு மேல் கொடுத்தன. அங்கே படித்தவர்கள் இல்லையா? 2024-இல் ஹாங்காங்கில் ஓர் ஊழியர், வீடியோ அழைப்பில் தோன்றிய மேலதிகாரிகளின் போலி முகங்களை நம்பிக் கோடிக்கணக்கில் அனுப்பினார். என் அக்கா மட்டும் முட்டாளா?

எங்கள் வீட்டில் இப்போது ஒரு ரகசியச் சொல் உண்டு. குரலையே நகலெடுக்கிறார்கள் என்பதால், அவசரம் என்று யார் பணம் கேட்டாலும் அந்தச் சொல்லைக் கேட்போம். இன்னொன்றும் முடிவு செய்தோம்: யார் ஏமாந்தாலும் உடனே சொல்ல வேண்டும், கேட்பவர் ஒரு வார்த்தை கடிந்து பேசக் கூடாது. இரண்டாவதுதான் எனக்குக் கடினமாக இருக்கிறது.

நேற்று அக்காவுக்கு ஒரு குறுஞ்செய்தி: கட்டணம் கட்டினால் இழந்த பணத்தை மீட்டுத் தருகிறார்களாம். இதுவும் மோசடி வேலைதான். இந்த முறை முதலில் என்னிடம் காட்டினார்.

அந்தப் பதில்களை எழுதியவர்கள் தயவுசெய்து நீக்கிவிடுங்கள். அவர் இன்னும் திரும்பத் திரும்பப் போய் அவற்றைப் படித்துக்கொண்டிருக்கிறார்.