பூண்டு நடாமல் தோட்டத்தை மூடுவதா?
அக்டோபர் பிறந்ததும் தோட்ட வேலையை முடித்து, தோட்டத்தை மூடிவிட்டுப் பண்டிகை வேலைகளைப் பார்க்கலாம் என்று ஒரு தோட்டக் கட்டுரையில் படித்தேன். அது கனடாவில் எங்கள் டொராண்டோவுக்குப் பொருந்தாது. பூண்டு நட இதுதான் பருவம். குளிர் பட்டால்தான் அது பல் பல்லாகப் பிரியும். அக்டோபரில் இங்கே வரும் நன்றியறிதல் நாள் விடுமுறையில் அம்மா தோல் உரியாமல் பற்களைப் பிரித்துத் தருவார். பிள்ளைகள் கூர்முனை மேலிருக்கும்படி இரண்டு அங்குல ஆழத்தில் ஊன்றி, மேப்பிள் சருகால் மூடுவார்கள். வீட்டார் அனைவரும் ஒன்றாக மண்ணில் நிற்கும் அந்த நாளை எப்படி விட முடியும்? கறிவேப்பிலைத் தொட்டியைக் குளிரில் என்ன செய்வது என்று அந்தக் கட்டுரையின் கீழே கேட்டிருக்கும் வாசகரே, இரவு வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே இறங்குமுன் அதை உள்ளே எடுத்து, வெயில் விழும் ஜன்னலருகே வையுங்கள், தண்ணீரைக் குறையுங்கள். தீபாவளிப் பலகார வேலையில் மறந்துபோய், ஒன்பது வருடச் செடியை ஒரே இரவு உறைபனியில் நான் இழந்தேன். அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.