கரி பிடித்த கேத்தல்

தேயிலைத் தோட்ட லயத்து அடுப்பில் இருக்கும் பழைய அலுமினியக் கேத்தல் ஒன்றை ஹட்டன் மாணவி ஒருவர் பென்சிலால் வரைந்திருப்பதைக் கட்டுரையோடு போட்டதற்கு நன்றி. மலையகம் என்றாலே கொழுந்துக்கூடையும் பனிமூட்டமும்தான் என்றிருக்கும்போது ஒரு கேத்தல்!

"அப்படியே போட்டோ மாதிரி" என்று கட்டுரையாளர் பாராட்டியதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. போட்டோவில் கேத்தலின் நசுங்கல் இவ்வளவு தெரியாது. மூக்குக்குக் கீழே பாருங்கள், கோடே கிடையாது. ஒரு பக்கம் மெல்லிய நிழல், அதை ஒட்டித் தாளின் வெள்ளையை அப்படியே விட்டிருக்கிறார். எங்கே கை வைக்கக்கூடாது என்று தெரிந்த கை அது.

அடிப்பக்கக் கரிதான் கஷ்டமான இடம். விறகுக்கரியில் மினுக்கம் இல்லை, பென்சிலில் இருக்கும் காரீயமோ (கிராஃபைட்) அழுத்த அழுத்த மினுங்கும். 6பி பென்சிலில் களிமண் குறைவு, காரீயம் அதிகம், அதனால் மினுக்கமும் அதிகம். (நம் இலங்கையின் போகலச் சுரங்கத்துக் காரீயம் எவ்வளவு பேர் பெற்றதாக இருந்தாலும் இந்தக் குணம் மாறாது!) அந்த இடத்துக்கு மட்டும் கரித்துண்டு பாவித்துப் பாருங்கள் தங்கச்சி. ஆனால் முதலில் கரி, அப்புறம்தான் பென்சில். காரீயம் தேய்த்த வழுக்கலில் கரி சரியாக ஒட்டாது.

மூடியின் வட்டம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது, பரவாயில்லை.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள்: படத்தைப் பெரிதாகப் போடுங்கள். போனில் பார்த்தால் கைப்பிடியில் சுற்றிய கம்பியே தெரியவில்லை.